குப்பிக்குள் அடங்காத ஏரி

பாசி மண்டிய ஒரு குளம் என்று வைத்துக்கொள்வோம். விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு குப்பியில் நீர் எடுத்து, அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளக்கிறோம். லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்று காட்டுகிறது கருவி. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கின்றன. அதே இடத்தில், அதே ஆழத்தில், மதியம் இரண்டு மணிக்கு இன்னொரு குப்பி. இப்போது 14 மில்லிகிராம். 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நன்னீர் காற்றிலிருந்து வாங்கி வைத்துக்கொள்ளக்கூடியது ஏறத்தாழ 7.6 மில்லிகிராம்தான், இது கிட்டத்தட்ட அதன் இரண்டு மடங்கு. இந்த இரண்டாவது குப்பியை மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்பினால், ஆக்சிஜன் தாராளமாக இருப்பதாக அறிக்கை வரும். அறிக்கையில் ஒரு தவறும் இருக்காது. மறுநாள் காலை கரையோரம் மீன்கள் செத்து மிதக்கலாம், அவ்வளவுதான்.

காரணம் எளிது. பகல் முழுக்கப் பாசி ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை நீரில் கொட்டுகிறது. பொழுது சாய்ந்ததும் அதே பாசி, மற்ற எல்லா உயிர்களையும்போல, ஆக்சிஜனை இழுத்துச் சுவாசிக்கத் தொடங்குகிறது. சூரியன் எழுவதற்குச் சற்று முன்புதான் இருப்பு அடிமட்டத்தைத் தொடும். நீர் மாதிரிகள் பெரும்பாலும் எடுக்கப்படுவதோ அலுவலக நேரத்தில்.

அம்மோனியாவை எடுத்துக்கொண்டால் நிலைமை நேர்மாறு. நீரில் அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று அம்மோனியம் அயனி. அதனால் மீனுக்குப் பெரிய தொல்லை இல்லை. இன்னொன்று மின்னேற்றம் இல்லாத அம்மோனியா. செவுளுக்குள் நேராகப் புகுந்துவிடும் நஞ்சு இதுதான். எது எவ்வளவு என்பதை நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் மதிப்பும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. 25 டிகிரியில், பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நஞ்சு வடிவம் 0.6 சதவீதம்கூட இல்லை. பிஎச் 9 ஆனால் அதுவே சுமார் 36 சதவீதம். பாசி பகலில் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்ச உறிஞ்ச, நீரின் பிஎச் ஏறிக்கொண்டே போகும். மண்டிப்போன குளத்தில் பிற்பகலில் அது 9ஐத் தாண்டுவது சாதாரணம். ஆக, ஆக்சிஜனுக்கு மிக நல்ல நேரம் எதுவோ அதுவே அம்மோனியாவுக்கு மிக மோசமான நேரம். ‘மொத்த அம்மோனியா இத்தனை மில்லிகிராம்’ என்று அறிக்கையில் ஒற்றை எண்ணாக எழுதிவைத்தால் இதில் எதுவுமே தெரியாது.

‘இந்தத் தண்ணீர் நல்லதா?’ என்பது கேட்பதற்கு எளிய கேள்வி. நன்னீர் ஆராய்ச்சியின் கடந்த நூறு சொச்சம் ஆண்டுகளைத் திரும்பிப் பார்த்தால், அந்தக் கேள்வியைக் குப்பியிடம் கேட்பதா ஏரியிடம் கேட்பதா என்ற இழுபறிதான் மீண்டும் மீண்டும் கண்ணில் படுகிறது.

ஐந்து நாள் குப்பி

நீர்த்தர அளவீடுகளில் மிகப் பிரபலமானது பி.ஓ.டி. என்கிற உயிர்வேதி ஆக்சிஜன் தேவை. அது பிறந்தது பிரிட்டனில். கழிவுநீர் அகற்றல் குறித்து 1898இல் அமைக்கப்பட்ட அரச ஆணையம், 1912இல் வெளியிட்ட தன் எட்டாவது அறிக்கையில் ஐந்து நாள் சோதனையைப் பரிந்துரைத்தது. செய்முறை இதுதான்: நீரை ஒரு குப்பியில் நிரப்பி, காற்றுப் புகாமல் மூடி, இருட்டில் ஐந்து நாள் வைக்க வேண்டும். அதிலுள்ள நுண்ணுயிர்கள் கழிவைத் தின்று எவ்வளவு ஆக்சிஜனைக் காலி செய்திருக்கின்றன என்று பார்க்க வேண்டும். சுத்தமான ஆற்றில் அது லிட்டருக்கு ஓரிரண்டு மில்லிகிராம் இருக்கும். சுத்திகரிக்காத வீட்டுக் கழிவுநீரிலோ 200, 300 என்று போகும்.

ஐந்து நாள் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? பிரிட்டனின் ஆறுகளில் விழும் கழிவு கடலைச் சேர்வதற்குள் கழியும் காலம் அதிகபட்சம் ஐந்து நாள்தான் என்பதால் அப்படி வைத்தார்கள் என்று பாடப்புத்தகங்களில் ஒரு விளக்கம் உண்டு. ஒரு சிறிய தீவின் ஆறுகளுக்கு ஏற்ற அந்தக் கணக்கையே இன்று கண்டங்களைக் கடக்கும் பேராறுகளுக்கும் பயன்படுத்துகிறோம் என்பது கொஞ்சம் வேடிக்கைதான். ஆனாலும் சோதனை மலிவு, எவரும் செய்யலாம், நூறு ஆண்டுத் தரவு குவிந்து கிடக்கிறது, அதனால் நிலைத்துவிட்டது.

இந்தக் குப்பியிலிருந்து ஆற்றுக்குள் காலெடுத்து வைத்த முதல் பெரிய முயற்சி அமெரிக்காவின் ஒஹாயோ ஆற்றில் நடந்தது. ஸ்ட்ரீட்டர், பெல்ப்ஸ் என்ற இருவர் 1925இல் ஒரு சமன்பாட்டை வெளியிட்டார்கள். கழிவு விழுந்த இடத்திலிருந்து கீழே போகப்போக நுண்ணுயிர்கள் ஒருபக்கம் ஆக்சிஜனைத் தின்கின்றன. மறுபக்கம் காற்றிலிருந்து புது ஆக்சிஜன் கரைந்துகொண்டே வருகிறது. இரண்டும் சேர்ந்தால் ஒரு தொய்ந்த வளைகோடு கிடைக்கும். ஆற்றின் மிக மோசமான இடம் கழிவுக் குழாயின் வாயில் இருக்காது. பல மைல் கீழே, ஓரிரு நாள் ஓட்டத்துக்கு அப்பால் இருக்கும். குழாயருகே அளந்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்பலாம் என்றால் முடியாது.

அப்புறம், பி.ஓ.டி.யால் காணவே முடியாத ஒன்று இருக்கிறது. சியாட்டில் நகரை ஒட்டிய வாஷிங்டன் ஏரியில் 1950களில் விழுந்துகொண்டிருந்தது பச்சைக் கழிவுநீர் அல்ல. முறையாகச் சுத்திகரிக்கப்பட்டு, பி.ஓ.டி. குறைக்கப்பட்ட நீர். இருந்தும் ஏரி ஆண்டுக்கு ஆண்டு கலங்கிக்கொண்டே வந்தது. 1955இல் அதில் ஆசிலடோரியா ரூபசென்ஸ் என்ற நீலப்பச்சைப் பாசி தலைகாட்டியதும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் எட்மண்ட்சன் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஐரோப்பிய ஏரிகள் சில கெடத் தொடங்கியபோது அங்கே முதலில் வந்ததும் இந்தப் பாசிதான். சுத்திகரிப்பு நிலையங்கள் கழிவை மட்கவைத்தன; ஆனால் அதிலிருந்த பாஸ்பரஸை அப்படியே ஏரிக்கு அனுப்பின. பாசிக்கு அது உரம். 1958இல் மக்கள் வாக்களித்து, கழிவுநீரை ஏரியிலிருந்து முற்றாகத் திருப்பிவிடும் திட்டத்தை ஏற்றார்கள். 1963 முதல் 1968 வரை குழாய்கள் ஒவ்வொன்றாகத் திருப்பப்பட்டன. ஒரு மீட்டர் ஆழம்கூடத் தெரியாமல் இருந்த ஏரி, 1970களின் தொடக்கத்தில் மூன்று மீட்டர் அளவுக்குத் தெளிந்தது.

ஏரியின் தெளிவை எப்படி அளப்பது என்றால், அது நன்னீர் அறிவியலிலேயே மிக எளிமையான கருவி. இத்தாலிய வானியலாளரும் பாதிரியாருமான ஆஞ்சலோ செக்கி 1865இல் மத்தியதரைக் கடலில் வெள்ளைத் தட்டுகளைக் கயிற்றில் கட்டி இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகின்றன என்று குறித்தார். இன்றும் அதே முறைதான். ஏரிகளில் பயன்படுத்தும் தட்டு 20 சென்டிமீட்டர் அகலம். கறுப்பும் வெள்ளையுமாக நான்கு கால்வட்டம். மின்கலம் வேண்டாம், பழுதாகாது. அமெரிக்காவின் டாஹோ ஏரியில் இந்தத் தட்டு 1968இல் ஆண்டுச் சராசரியாக 31 மீட்டர் ஆழம் வரை தெரிந்தது. அந்த ஒரு எண் இருப்பதால்தான் பின்னால் வந்தவர்களால் ‘எவ்வளவு இழந்தோம்’ என்று பேச முடிகிறது.

குப்பிக்கும் ஏரிக்கும் நடந்த வழக்கு

1960களின் இறுதியில் வட அமெரிக்காவின் ஏரிகள் பச்சையாகிக்கொண்டிருந்தன. இதை மிகையூட்டம் என்கிறார்கள். யார் காரணம் என்பதில் பெரிய சண்டை. துணி துவைக்கும் சலவைத்தூளில் பாஸ்பேட் நிறைய இருந்தது. பாஸ்பரஸ்தான் குற்றவாளி என்று ஒரு தரப்பு சொன்னது. இல்லை, கார்பன்தான் பாசி வளர்ச்சியை முடிவு செய்கிறது என்றது இன்னொரு தரப்பு. சலவைத்தூள் நிறுவனங்களுக்கு இந்த இரண்டாவது வாதம் மிகவும் பிடித்திருந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, கார்பன் தரப்பு வெறுங்கையோடு வரவில்லை. அவர்களிடம் குப்பிச் சோதனைகள் இருந்தன. ஏரி நீரைக் குப்பியில் எடுத்து, கார்பனைச் சேர்த்தால் பாசி கூடுதலாக வளர்ந்தது. யார் செய்து பார்த்தாலும் அதே முடிவு. சோதனையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கனடாவின் வடமேற்கு ஒன்ராறியோவில், ஆள் நடமாட்டம் இல்லாத காட்டுப் பகுதியில் 58 சிறு ஏரிகளை ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கி, 1968இல் ‘சோதனை ஏரிகள் பகுதி’ தொடங்கப்பட்டது. டேவிட் ஷிண்ட்லர் தலைமையில் ஒரு குழு அங்கே போனது. ஏரிகளுக்குப் பெயர்கூட இல்லை, எண்கள்தான். 227ஆம் எண் ஏரியில் கரைந்த கார்பன் மிகமிகக் குறைவு. கார்பன் வாதம் உண்மையானால், இந்த ஏரியில் எவ்வளவு உரம் போட்டாலும் பாசி வளரக் கூடாது. 1969 முதல் அதில் பாஸ்பரஸையும் நைட்ரஜனையும் போட்டார்கள். கார்பன் ஒரு துளிகூடச் சேர்க்கவில்லை. சில வாரங்களில் ஏரி பச்சைக் குழம்பானது.

கார்பன் எங்கிருந்து வந்தது? காற்றிலிருந்து. பாசி நீரிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சியபோது, அந்தக் குறையை நிரப்ப வளிமண்டலத்திலிருந்து மேலும் கரைந்தது. மூடிய குப்பிக்கு அந்த வசதி கிடையாது. அங்கே கார்பன் தீர்ந்தால் தீர்ந்ததுதான். ஆகவே மேலும் கொடுத்தால் பாசி வளரத்தானே செய்யும்? ஏரிக்கு மேலே வானம் இருக்கிறது, குப்பிக்கு மேலே மூடி இருக்கிறது. மொத்த வழக்கும் இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கிவிட்டது.

அடுத்து 226ஆம் ஏரி. உடுக்கைபோல நடுவில் சிறுத்த வடிவம் அதற்கு. அந்த இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் திரையைக் கட்டி ஏரியை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள். மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸும். 1973இல் வானிலிருந்து எடுத்த படத்தில் ஒரு பாதி இருண்ட நீர், மறு பாதி பச்சைச் சாயம். நன்னீர் அறிவியலில் இதைவிடப் பிரபலமான படம் இருக்க வாய்ப்பில்லை. சமன்பாடு தெரியாத சட்டமன்ற உறுப்பினருக்கும் அது ஒரே நொடியில் புரிந்தது. சலவைத்தூளில் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் வலுப்பெற்றதில் இந்தப் படத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

வழக்கு அத்துடன் முடிந்துவிட்டது என்று சொன்னால் அது நேர்மையாகாது. 227ஆம் ஏரியில் 1990 முதல் நைட்ரஜன் போடுவதையே நிறுத்திவிட்டு, பாஸ்பரஸ் மட்டும் போட்டார்கள். அப்படியும் ஏரி பச்சையாகவே இருந்தது. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து நிலைநிறுத்தும் நீலப்பச்சைப் பாசிகள் பெருகி, குறையை ஈடுகட்டின. ஆகவே ஏரிகளில் பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தினால் போதும் என்பது ஷிண்ட்லர் தரப்பு. எல்லா நீர்நிலைகளும் அப்படி நடந்துகொள்வதில்லை, நைட்ரஜனையும் சேர்த்தே குறைக்க வேண்டும் என்று வாதிடுவோரும் கணிசம். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. நச்சு உண்டாக்கும் மைக்ரோசிஸ்டிஸ் என்ற பாசியால் காற்று நைட்ரஜனைப் பிடிக்க முடியாது. நீரில் கரைந்து வரும் நைட்ரஜனைத்தான் அது நம்பியிருக்கிறது. பாஸ்பரஸ் முதலில் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பாஸ்பரஸ் மட்டும்தான் என்பதில் இருக்கிறது.

பட்டினியால் மெலிந்த மீன்

அதே பகுதியில் நடந்த இன்னொரு சோதனைதான் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. தொழிற்சாலைப் புகையால் அமில மழை பெய்துகொண்டிருந்த காலம். 223ஆம் ஏரியில் 1976 முதல் கந்தக அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, ஏறத்தாழ 6.8 ஆக இருந்த பிஎச் மதிப்பை எட்டு ஆண்டுகளில் 5 அளவுக்கு இறக்கினார்கள்.

ஏரியின் பெரிய மீன் ட்ரவுட். பிஎச் 6க்குச் சற்றுக் கீழே போனபோது ட்ரவுட்டுக்கு நேரடியாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மைசிஸ் என்ற சிறு இறால் ஏறக்குறைய இல்லாமலே போனது. ஃபேட்ஹெட் மின்னோ என்ற குட்டி மீன் இனப்பெருக்கத்தை நிறுத்தியது. சிங்கிறால்களின் ஓடு சரியாகக் கெட்டிப்படவில்லை. இவையெல்லாம் ட்ரவுட்டின் இரை. சில ஆண்டுகள் கழித்துப் பிடிபட்ட ட்ரவுட்டுகளின் படங்களில் தலை பெரிதாகவும் உடல் குச்சியாகவும் தெரிகின்றன. அமிலம் அவற்றைக் கொல்லவில்லை, சோற்றில் மண்ணைப் போட்டது. இதே மீனை இதே அமில நீரில் ஆய்வகத் தொட்டியில் விட்டிருந்தால் அது கொழுகொழுவென்று இருந்திருக்கும்; தொட்டியில்தான் வேளாவேளைக்கு இரை விழுமே!

எதிர்ப்பக்கமும் ஓர் ஆச்சரியம். கணக்குப் போட்டதைவிட அதிக அமிலம் ஊற்ற வேண்டியிருந்தது. ஏரியின் அடிச்சேற்றிலுள்ள பாக்டீரியாக்கள் சல்பேட்டை மாற்றி, அமிலத்தில் ஒரு பகுதியை நடுநிலையாக்கிக்கொண்டே இருந்தன. நீரை மட்டும் எடுத்துப்போய்ச் சோதித்தவர்களுக்குச் சேற்றின் இந்த உதவி தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. அமிலமான ஏரிகள் பெரும்பாலும் கண்ணாடிபோலத் தெளிந்து அழகாக இருக்கும் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். செக்கியின் தட்டு அங்கே நல்ல ஆழம் வரை தெரியும். பார்க்கத்தான் மீன் இருக்காது.

260ஆம் ஏரியில் நடந்தது இதைவிட நுட்பம். கருத்தடை மாத்திரையில் உள்ள எத்தினைல் எஸ்ட்ராடையால் என்ற ஹார்மோன், கழிவுநீர் வழியாக ஆறுகளுக்கு வருகிறது. அதே செறிவை ஒரு முழு ஏரியில் உண்டாக்கிப் பார்த்தால் என்ன ஆகும்? கேரன் கிட் தலைமையிலான குழு 2001 முதல் மூன்று கோடைகாலங்களில் லிட்டருக்கு 5, 6 நானோகிராம் அளவில் அதைச் சேர்த்தது. அந்த அளவு எவ்வளவு சிறியது என்றால், 25 லட்சம் லிட்டர் பிடிக்கும் ஒலிம்பிக் நீச்சல் குளம் முழுவதற்கும் சேர்த்து 12 முதல் 15 மில்லிகிராம்தான். ஆண் மின்னோக்கள் முட்டைக்கரு புரதத்தைச் சுரக்கத் தொடங்கின. அவற்றின் விந்தகங்கள் சரியாக வளரவில்லை. ஒரு மீன்கூட நஞ்சுண்டு மிதக்கவில்லை. குஞ்சுகள் வருவது மட்டும் நின்றது. மின்னோ ஓரிரு ஆண்டே வாழும் மீன் என்பதால், சில ஆண்டுகளுக்குள் அந்த இனமே ஏரியிலிருந்து கிட்டத்தட்ட மறைந்துபோனது. ஹார்மோன் சேர்ப்பதை நிறுத்திய பிறகு, மேலும் சில ஆண்டுகள் கழித்து மீண்டு வந்தது.

செத்தால்தான் நஞ்சு என்று நினைக்கும் பழக்கம் நமக்கு. நச்சியல் சோதனைகளும் பல காலம் அப்படித்தான் இருந்தன: ஒரு தொட்டி, 96 மணி நேரம், பாதி மீன் எந்தச் செறிவில் சாகிறது. 260ஆம் ஏரியின் நீர் அந்தத் தேர்வில் முதல் மதிப்பெண்ணில் தேறியிருக்கும்.

பட்டியலில் இல்லாத பொருள்

குப்பிக்கு இன்னொரு குறை: எதைத் தேடுகிறோமோ அதைத்தான் அதில் காண முடியும். சியாட்டில் பகுதி ஓடைகளுக்கு முட்டையிட வரும் கோஹோ சால்மன் மீன்கள், மழை பெய்த சில மணி நேரத்தில் வட்டமடித்துச் சுழன்று செத்துக்கொண்டிருந்தன. உலோகங்கள், பூச்சிக்கொல்லிகள், எண்ணெய் என வழக்கமான பட்டியலில் உள்ள எதுவும் பொருந்தவில்லை. சாலையிலிருந்து வழியும் மழைநீர் என்பது வரை தெரிந்தது. அப்புறம் டயர் தூள் என்று சுருங்கியது. அந்தத் தூள் ஊறிய நீரைக் கூறு கூறாகப் பிரித்து, எந்தக் கூறு மீனைக் கொல்கிறது, அதற்குள் எந்தப் பகுதி என்று ஆண்டுக்கணக்கில் தேடினார்கள். 2020இல் பிடிபட்டது: 6பிபிடி குயினோன். டயர் ரப்பரில் விரிசல் விழாமல் இருக்கச் சேர்க்கப்படும் 6பிபிடி என்ற பொருள், காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து உருவாகும் சேர்மம் அது. அதை யாரும் தயாரிக்கவில்லை, விற்கவில்லை, எந்தத் தரநிலையிலும் அது இருந்ததில்லை. லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவான அளவே கோஹோவைக் கொன்றுவிடும். நெருங்கிய உறவான சம் சால்மனை அது ஒன்றும் செய்வதில்லை. அந்த ஓடையில் சம் மட்டும் இருந்திருந்தால் இந்தப் பொருள் இன்றுவரை பெயரில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

நீரில் வாழும் உயிர்களையே சாட்சிக்குக் கூப்பிடும் வழக்கம் பழையது. ஜெர்மனியின் கோல்க்விட்ஸ், மார்சன் இருவரும் 1900களின் தொடக்கத்திலேயே, எந்த உயிர் எவ்வளவு கழிவைத் தாங்கும் என்று அட்டவணை போட்டுவிட்டார்கள். மேஃபிளை, ஸ்டோன்ஃபிளை போன்ற பூச்சிகளின் இளம்பருவம் ஆற்றுக் கற்களுக்கு அடியில் மாதக்கணக்கில் கழிகிறது. நடுவில் ஒரே ஒரு இரவு யாரோ கழிவைத் திறந்துவிட்டாலும் அவை போய்விடும். சிவப்புப் புழுக்கள் மட்டும் மிஞ்சும். குப்பி ஒரு நொடியைப் பிடிக்கிறது என்றால், கல்லைப் புரட்டிப் பார்ப்பவர் பல மாத வரலாற்றைப் படிக்கிறார். ஏரியின் அடிவண்டலோ நூற்றாண்டுகளையே வைத்திருக்கிறது. டயட்டம் எனும் நுண்பாசிகளின் சிலிக்கா ஓடு மக்குவதில்லை. எந்த இனம் எந்த பிஎச் நீரில் வாழும் என்பது தெரியும். வண்டலைக் குழாயால் நீளமாகக் குத்தி எடுத்து அடுக்கடுக்காக எண்ணினால், ஏரி எப்போது அமிலமானது என்று சொல்லிவிடலாம். ‘இந்த ஏரிகள் இயற்கையாகவே அமிலம்’ என்ற வாதத்தை 1980களில் உடைத்ததில் இந்த ஓடுகளுக்குப் பெரும்பங்கு.

இப்போது நீரில் உதிர்ந்து கிடக்கும் டிஎன்ஏவை வைத்தே எந்த உயிர்கள் அங்கே இருக்கின்றன என்று சொல்லும் முறை பரவுகிறது. அருமையான கருவி, மறுக்கவில்லை. ஆனால் அந்த மீன் ஒன்றா நூறா, உயிரோடு இருக்கிறதா, மேலேயிருந்து அடித்துவரப்பட்ட டிஎன்ஏவா என்பதையெல்லாம் அது எளிதில் சொல்லாது. மறுபடியும் குப்பிதான், கொஞ்சம் புத்திசாலியான குப்பி.

சேறு மறப்பதில்லை

கெடுத்ததை நிறுத்தினால் ஏரி திருந்திவிடுமா? வாஷிங்டன் ஏரி திருந்தியது; அது ஆழமானது, சீக்கிரம் நிறுத்தினார்கள். எல்லா ஏரிக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஆங்கிலேய ஆய்வாளர் மார்டிமர் 1940களின் தொடக்கத்திலேயே காரணத்தைக் காட்டிவிட்டார். ஆக்சிஜன் இருக்கும்வரை அடிச்சேற்றிலுள்ள இரும்பு, பாஸ்பரஸைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கும். ஆக்சிஜன் தீர்ந்ததும் இரும்பு கரைந்து, பிடியை விட்டுவிடும். பல ஆண்டுகள் சேர்ந்த பாஸ்பரஸ் நீருக்குத் திரும்பி வரும், பாசி பெருகும், செத்து அடியில் விழும், மீண்டும் ஆக்சிஜன் தீரும். வெளியிலிருந்து ஒரு துளி கழிவு வராவிட்டாலும் இந்தச் சுழற்சி பத்தாண்டுகள்கூட ஓடும்.

ஈரி ஏரியின் கதை இன்னும் சிக்கல். 1960களில் ‘செத்த ஏரி’ என்று பத்திரிகைகள் எழுதிய ஏரி அது. அமெரிக்காவும் கனடாவும் 1972இல் ஒப்பந்தம் போட்டு, கழிவுநீரிலும் சலவைத்தூளிலும் பாஸ்பரஸைக் குறைத்தன. ஆண்டுக்கு 11,000 டன் என்ற இலக்கு 1980களில் எட்டப்பட்டது. ஏரி தெளிந்தது. உலகமே மேற்கோள் காட்டிய வெற்றி. ஆனால் 1990களின் நடுவிலிருந்து பாசி திரும்பி வந்தது. 2014 ஆகஸ்டில் ஏரிக்கரையிலுள்ள அமெரிக்காவின் டொலிடோ நகரில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் குழாய்நீரைக் குடிக்க வேண்டாம் என்று உத்தரவு. காய்ச்சியும் பயனில்லை, மைக்ரோசிஸ்டின் நஞ்சு கொதிநீரில் அழியாது.

மொத்த பாஸ்பரஸ் பெரிதாக ஏறவில்லையே, பின் எப்படி? மொத்தம் என்ற எண்தான் ஏமாற்றியது. மண்துகளோடு ஒட்டி வரும் பாஸ்பரஸில் பெரும்பகுதி பாசிக்கு எட்டாது. கரைந்த பாஸ்பரஸ் அப்படியே பயன்படும். ஈரி ஏரியில் வந்து கலக்கும் மௌமி ஆற்றில் அந்தக் கரைந்த பங்கு ஏறியிருந்தது. மண்ணரிப்பைத் தடுக்க உழாமல் பயிரிடும் முறை பரவியதும், உரம் மேற்பரப்பிலேயே தங்கியதும், வயலுக்கடியில் புதைத்த வடிகால் குழாய்கள் அதை நேரே ஆற்றுக்குக் கொண்டு சேர்த்ததும் காரணங்களில் சில. மண்ணைக் காப்பாற்ற எடுத்த நல்ல முடிவு நீருக்கு வினையானது. இதற்கிடையில் 1980களின் இறுதியில் கப்பல்கள் தள்ளாடாமல் இருக்க அடியில் நிரப்பிவரும் நிலைப்பு நீரோடு வந்து குடியேறிய வரிக்குதிரைச் சிப்பிகள் வேறு. அவை நீரை வடிகட்டித் தெளிய வைக்கும். ஆனால் மைக்ரோசிஸ்டிஸை மட்டும் சுவை பிடிக்காததுபோல் துப்பிவிடும். போட்டியாளர்கள் தின்னப்பட, அது மட்டும் பெருகும். கோடை வெப்பமும் கனமழையும் கூடிவருவது இதற்கெல்லாம் மேலே இன்னொரு தள்ளு.

இப்படிப்பட்ட மாற்றங்கள் கண்ணில் படவே நீண்ட காலம் ஒரே இடத்தில் அளந்துகொண்டிருக்க வேண்டும். அதற்குப் பணம் தருவதில்தான் யாருக்கும் ஆர்வம் இருப்பதில்லை. சோதனை ஏரிகள் பகுதிக்கு நிதியை நிறுத்துவதாகக் கனடா அரசு 2012இல் அறிவித்தது. பெரும் எதிர்ப்புக்குப் பிறகு, 2014இல் ஒரு தனி ஆய்வு நிறுவனம் அதை ஏற்று நடத்தத் தொடங்கியது.

உலகின் உறையாத மேற்பரப்பு நன்னீரில் ஐந்தில் ஒரு பங்கு சைபீரியாவின் பைகால் ஏரியில் இருக்கிறது. ஆழம் 1,642 மீட்டர். அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பு அவ்வளவு எளிதில் சூடாகாது என்றுதான் பலரும் நம்பினார்கள். அங்கே மிகைல் கொஷோவ் என்ற விலங்கியல் பேராசிரியர் 1940களின் நடுவில், கரையிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி ஓர் இடத்தைத் தேர்ந்து, ஏழு முதல் பத்து நாளுக்கு ஒருமுறை வெவ்வேறு ஆழங்களில் நீர் எடுக்கத் தொடங்கினார். அவருக்குப் பின் மகள் ஓல்கா கொஷோவா, அவருக்குப் பின் பேத்தி லியுபோவ் இஸ்மெஸ்த்யேவா. கோடையில் படகு, குளிர்காலத்தில் உறைபனியில் துளை. 2008இல் அந்த அறுபது ஆண்டுத் தரவை எடுத்துப் போட்டுப் பார்த்தபோது, மேற்பரப்பு நீர் சுமார் 1.2 டிகிரி சூடாகியிருந்தது. மிதவை உயிர்களின் கலவையும் மாறியிருந்தது. ஓர் ஆண்டுக்கும் அடுத்த ஆண்டுக்கும் உள்ள சாதாரண ஏற்ற இறக்கமே அதைவிடப் பெரிது. தாத்தா காலத்துக் குறிப்பேட்டை மட்டும் வைத்துக்கொண்டு அதைக் கண்டிருக்க முடியாது. மூன்று தலைமுறையும் நீருக்குள் இறக்கியது கயிறு, வெப்பமானி, குப்பி.